அங்க போய் இருக்கிறது

என் மனைவிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது ஒரு மாசி மாதப் பின்னேரம். மாரி ஓய்ந்து துறைமுகத் தண்ணீர் மறுபடியும் தெளியத் தொடங்கியிருந்தது. நான் வேலை முடிந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் குசினி வாசலில் வந்து நின்று, "எனக்கு ஒரு வேலைக்கு நேர்முகம் வந்திருக்கு," என்றாள்.

"எங்க?"

கொழும்பு என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் தொலைபேசியை என் ஈரக் கையில் தந்தாள். திரையில் மாவாலை ஒன்றின் பெயர், நியூசிலாந்து வரைபடத்தின் தென்கோடியில் ஒரு துறைமுக நகரம். அதற்குக் கீழே விரலால் எவ்வளவு தள்ளியும் நீலம்தான் வந்தது.

அவள் திருகோணமலை வளைகுடாவின் அக்கரையில் உள்ள கோதுமை மாவாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். கப்பலில் வந்திறங்கும் கோதுமையில் கொஞ்சம் அரைத்து, பிசைந்து, சின்னச் சின்னப் பாண் சுட்டுப் பார்ப்பது அவளுடைய வேலை. பாணைக் குறுக்கே வெட்டி, உள்ளே எப்படிப் பொங்கியிருக்கிறது என்று பார்ப்பாள். பின்னேரம் வீட்டுக்குள் அவள் வரும்போது சூடான பாண் வாசம் அவளுக்கு ஓரடி முன்னால் வரும். நான் மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் போடுகிற இடத்தில் இயந்திரம் பார்க்கிறவன். என் உடுப்பில் ஒரு வாசமும் இல்லை, ஈரம் மட்டும்தான்.

லிங்கநகரில் எங்களுடைய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் எப்போது விண்ணப்பித்தாள் என்று நான் கேட்கவில்லை. "எப்ப நேர்முகம்?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த மாதம் என்றாள்.

அன்றிரவு நான் அந்த ஊரின் தெருக்களில் நடந்தேன். தொலைபேசியில் தெருவைத் தொட்டால் அதன் படம் விரியும். அந்தப் படங்களில் எப்போதும் ஒரே நாள், ஒரே வெயில். முகம் மங்கலாக்கப்பட்ட ஒரு மனிதர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு பாதி வழியில் நிற்கிறார். ஒரு நாய் கால் தூக்கியபடியே இருக்கிறது. மதில்கள் எல்லாம் இடுப்பளவு. எந்த வீட்டு வாசலிலும் செருப்பு இல்லை. கடைசித் தெருவின் முடிவில் புல், அதற்கப்பால் கடல், நிறமே இல்லாத கடல். திரை அணைந்த பிறகும் அந்தக் காற்று என் காதில் இருந்தது போலப் பட்டது, படத்தில் காற்றுக்குச் சத்தம் இல்லை என்றாலும்.

வேலையைப் பற்றிய கேள்விகளுக்கு அவள் பயப்படவில்லை. பயம் மற்றக் கேள்விகளுக்குத்தான். தூர இடத்து வேலைக்குப் போனால் அவர்கள் கட்டாயம் கேட்பார்கள் என்று இணையத்தில் வாசித்திருந்தாள்: ஏன் இவ்வளவு தூரம் வர விரும்புகிறீர்கள், குடும்பம் என்ன சொல்கிறது, எவ்வளவு காலம் இருப்பீர்கள். "நீங்கள் கேளுங்கோ, நான் மறுமொழி சொல்லிப் பாக்கிறன்," என்றாள். அப்படித்தான் நான் நேர்முகம் செய்கிறவன் ஆனேன்.

வீட்டுக்குள் இருந்து செய்ய இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது. ஆகவே பின்னேரங்களில் உட்துறைமுகத்துக் கரையில் ஆட்கள் இருக்கப் போட்டிருக்கும் ஒரு சீமெந்து வாங்கில் போய் இருந்தோம். எதிரே ஒன்றிரண்டு கப்பல்கள் நகராமல் நிற்கும். மலைகள் சூழ்ந்த அந்தத் தண்ணீரில் அலை என்று ஒன்று இல்லை. வெளிச்சம் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். சில நாட்களில் மான்கள் வீதியைக் கடந்து வந்து எங்களுக்குப் பின்னால் குப்பையைக் கிளறும்.

வீட்டில் நான் அவளை நீர் என்பேன், அவள் என்னை நீங்கள் என்பாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். நேர்முகம் செய்கிறவர் நீர் என்று கேட்கமாட்டார் என்றபடியால் அந்த வாங்கில் நான் அவளை நீங்கள் என்றேன், அவள் என்னை, மேலதிகாரியைக் கூப்பிடுவது போல, சேர் என்றாள். முதல் நாள் இரண்டு பேராலும் சிரிப்பை அடக்க ஏலாமல் போய், எழுந்து கச்சான் கடலை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இரண்டாம் நாள்தான் ஒழுங்காகத் தொடங்கியது. அவள் இணையத்தில் எடுத்த கேள்விகள் என் தொலைபேசித் திரையில் ஆங்கிலத்தில் இருந்தன. என் ஆங்கிலம் இயந்திரக் கையேடுகளோடு முடிந்துவிடும். அவள் முதலில் தமிழில் யோசித்துக்கொள்ளட்டும் என்று நான் ஒவ்வொன்றையும் மாற்றிக் கேட்டேன்.

"நீங்கள் இதுக்கு முந்தி இடம்பெயர்ந்திருக்கிறீங்களா?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "அந்தச் சொல்லைப் போடாதேங்கோ," என்றாள்.

நான் கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. அவள் பிறந்தது குச்சவெளியில். சின்ன வயதில், போர்க்காலத்தில், ஒரு விடியற்காலை வீட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடியவர்கள். காடு, பள்ளிக்கூட மண்டபம், ஒரு வள்ளம், இந்தியாவில் ஒரு முகாம், திரும்பி வந்து இன்னொரு முகாம் என்று அவளுடைய பள்ளிப்பருவம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் கிடந்தது. எங்கள் ஊரில் இடம்பெயர்ந்தனாங்கள் என்று யாராவது சொன்னால், எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எந்த முறை என்றுதான் கேட்பார்கள்.

"அப்ப என்னெண்டு சொல்றது? இடமாற்றம்?"

"அது பள்ளிக்கூட ரீச்சர்மாருக்கு வாறது. ஆரையும் பிடிக்காட்டித் தூக்கிப் போடுறது."

"குடியேறுறது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நானே சிரித்துவிட்டேன். அரசாங்கக் குடியேற்றங்களைக் கண்ட திருகோணமலையில் அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் ஒரு பின்னேரம் முழுவதும் அரசியல் கதைக்க வேண்டியிருக்கும். இவ்வளவு சொற்கள் இருந்தும், தன் விருப்பத்தில் ஒரு மனுசி பெட்டியை எடுத்துக்கொண்டு போவதற்கு எங்களிடம் ஒரு சொல் இல்லாமல் இருந்தது. கடைசியில் அவளே சொன்னாள்: "அங்க போய் இருக்கிறது. அவ்வளவுதான். அங்க போய் இருக்கச் சம்மதமோ எண்டு கேளுங்கோ."

அதற்குப் பிறகு அப்படியே கேட்டேன்.

"உங்களுக்கு அங்க போய் இருக்கச் சம்மதமா?"

"ஓம் சேர்."

"குளிர் கூட. தமிழ் ஆக்கள் இல்லை. கடையில கறிவேப்பிலை கிடைக்காது."

"தெரியும் சேர். பாத்தனான்."

"உங்கட கணவர் என்ன சொல்றார்? அவரும் வருவாரா?"

நான் அந்தக் கேள்வியைச் சாதாரணமாகத்தான் கேட்டேன், திரையில் அது அடுத்ததாக இருந்தபடியால். அவள் மடியில் கையை மடித்து வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு அதிகாரிக்குச் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னாள்:

"நான் அவரிட்ட இன்னும் கேக்கேல்ல சேர்."

"ஏன் கேக்கேல்ல?"

"கேட்டா ஓம் எண்டிடுவார். அவர் எதுக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார். பிறகு அந்த ஓமை நான் காலம் முழுக்கச் சுமக்கவேணும்."

அந்த இடத்தில் நான் கணவனாக இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், அல்லது உடனே ஓம் வாறன் என்று சொல்லி அவள் சொன்னதை நிரூபித்திருப்பேன். நான் சேராக இருந்தேன். சேருக்கு அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. "நல்லது," என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். ஒரு இழுவைப் படகு எங்கள் முன்னால் மெதுவாகப் போனது. அது கிளப்பிய தண்ணீர் கரைக்கு வந்து சேர வெகுநேரம் எடுத்தது.

அன்றைக்குப் பிறகு அந்தப் பின்னேரங்களுக்காக நான் பகலெல்லாம் காத்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஐஸ் கட்டிகளை வெளியே எடுக்கும்போது எழும் புகைக்குள் நிற்கையில், இன்றைக்கு என்ன கேட்கலாம் என்று யோசிப்பேன். பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்த பெண்ணோடு எனக்குப் புதிதாக ஒரு பழக்கம் ஏற்பட்டது போல இருந்தது. வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் வாங்கில் கதைத்ததைப் பற்றிக் கதைப்பதில்லை. அவள் சோறு போடுவாள். நான் மீன் முள்ளை எடுத்துப் பூனைக்கு வைப்பேன்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து நான் எழும்பப் போனேன். அவள் எழும்பவில்லை.

"ஒரு கேள்வியை ஒவ்வொரு நாளும் விட்டிட்டுப் போறீங்கள்."

"எது?"

"உங்களுக்குத் தெரியும். கேளுங்கோ."

தெரியும்தான். அந்தக் கேள்வி திரையில் வரும்போதெல்லாம் என் விரல் அதைத் தாண்டிவிடும். நான் மறுபடியும் வாங்கில் இருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கினமா?"

"இல்லை சேர். நாங்கள் ரெண்டு பேர்தான்."

நான் அத்தோடு நிறுத்தப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை.

"பிள்ளை இல்லாதவைக்குப் போறது லேசு எண்டு ஆக்கள் நினைப்பினம். லேசில்லை சேர். பிள்ளை இருந்தா, பிள்ளையின்ர படிப்புக்காகப் போறம் எண்டு சொல்லலாம். எல்லாரும் தலையாட்டுவினம். எனக்காகப் போறன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல."

"இப்ப சொல்லிப் பாருங்கோ."

"எனக்காகத்தான் போக விரும்புறன்." மிக மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு தன் குரலைத் தானே கேட்டு வியந்ததைப் போல இன்னொருமுறை சொன்னாள். "வேற கோதுமை, வேற தண்ணி, வேற குளிர். அதில மா எப்பிடிப் பொங்குது எண்டு பாக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. இது ஒரு காரணமா சேர்?"

"காரணம்தான்," என்றேன். சேர் சொன்னாரா நான் சொன்னேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நேர்முகம் ஒரு காலை நேரத்தில் நடந்தது. அவர்களுக்கு அது பின்னேரம். முன்னறையில் வெறும் சுவர் பின்னால் தெரியும்படி கதிரையைப் போட்டு, மேசையில் மடிக்கணினியை வைத்திருந்தாள். சேலை உடுப்பதா இல்லையா என்று பல முறை யோசித்து, கடைசியில் வேலைக்குப் போகிற சட்டையையே போட்டாள். நான் குசினிக்குள் இருந்தேன். மிக்ஸி போடக்கூடாது, தண்ணீர் திறக்கக்கூடாது, இருமக்கூடாது.

கதவிடுக்கால் குரல்கள் வந்தன. ஒரு பெண், வயதான ஒரு ஆண். மா, ஈரப்பதம், வெப்பநிலை என்று வெகுநேரம் போனது. என் மனைவியின் ஆங்கிலம் நான் நினைத்ததைவிட நிதானமாக இருந்தது. பிறகு அந்தப் பெண் வேறு எங்கேயாவது வாழ்ந்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் கதவிடுக்குக்குக் கிட்டப் போனேன்.

"சின்ன வயதில் பல இடங்களில் இருந்திருக்கிறேன், போர்க்காலம்," என்றாள் அவள். "புது இடத்தில் முதல் கிழமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் எங்கே, கடை எங்கே, யார் சிரிக்கிறார்கள், யார் சிரிப்பதில்லை என்று பார்த்து வைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு பயம் குறைந்துவிடும்." அவள் அதை ஒரு வேலை அனுபவத்தைச் சொல்வது போலச் சொன்னாள். 

பிறகு அந்தப் பெண் சொன்னது எனக்கு முழுவதும் விளங்கவில்லை; பின்னர் அவள்தான் எனக்கு விளக்கினாள். உங்கள் குடும்பத்தைப் பற்றி நாங்கள் கேட்கமாட்டோம், அது உங்களுடைய விஷயம் என்றாராம். ஆனால் தூரத்திலிருந்து வருகிறவர்கள் பலர் ஒரு குளிர்காலத்தோடு திரும்பிப் போய்விடுகிறார்கள். நீங்கள் இங்கே தங்குவதற்கு உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டாராம்.

அந்தக் கேள்வியை நாங்கள் வாங்கில் ஒரு நாளும் கேட்டதில்லை.  நான் குசினியில் நின்று அடுப்புக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே முருங்கை மரத்தில் ஒரு காகம். எங்கோ தூரத்தில் கப்பலொன்றின் ஊதல், நீளமாக.

"உங்கள் ஊரில் மீன்பிடிப் படகுகள் ஐஸ் எங்கே எடுக்கின்றன?" என்று அவள் கேட்டாள்.

அவர்களுக்கு விளங்கவில்லை. அவள் மறுபடியும் கேட்டாள். என் கணவர் ஐஸ் இயந்திரம் பார்க்கிறவர், கைக்கு வேலை இல்லாவிட்டால் அவருக்கு நித்திரை வராது, அவருக்கு அங்கே ஒரு வேலை கிடைக்குமென்றால் குளிரை நான் பார்த்துக்கொள்வேன், என்றாள். அந்த வயதான மனிதர் சிரித்தார். துறைமுகத்தில் பெரிய குளிரறைகள் இருக்கின்றன, அதுகளைப் பார்க்கத் தெரிந்த ஆட்கள்தான் கிடைப்பதில்லை என்றார்.

நான் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சத்தம் வராமல் வைக்க மிகவும் பாடுபட்டேன்.

முடிந்ததும் அவள் குசினிக்குள் வந்து நிலத்தில் இருந்தாள். "பழுதாக்கிப் போட்டன். மாவாலைக்காரரிட்டப் போய் ஐஸைப் பற்றிக் கேட்டிருக்கிறன்."

"நல்லாச் சொன்னனீர்."

"எல்லாத்துக்கும் நல்லம் எண்டு சொல்லாதேங்கோ."

இரண்டு கிழமையில் வேலை தருவதாக மறுமொழி வந்தது. அன்றைக்குப் பின்னேரம் அவளாகவே என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாங்கில் வேறு யாரோ இருந்தார்கள். நாங்கள் நின்றுகொண்டே கதைத்தோம்.

"இப்ப கேக்கிறன். வருவீங்களா?"

ஓம் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை அங்கேயே நிறுத்தி வைத்தேன். "யோசிக்க ரெண்டு நாள் தாரும்," என்றேன். அவளுடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் கண்டேன். மறுப்பேனோ என்ற பயமும் அதோடு இருந்தது. ஆனால் நிம்மதிதான் முதலில் வந்தது.

அந்த இரண்டு நாளும் நான் உண்மையாகவே யோசித்தேன். எனக்குப் போக விருப்பமா என்று என்னிடம் அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. விருப்பமில்லை என்றுதான் முதலில் பட்டது. இந்தத் துறைமுகத்தின் நிறம் ஒவ்வொரு மணிக்கும் எனக்குத் தெரியும். எந்த வள்ளம் எவ்வளவு ஐஸ் கேட்கும் என்று ஒருவரும் சொல்லாமலே தெரியும். அங்கே நான் ஒன்றும் தெரியாதவனாக இருப்பேன், ஒரு பெண்ணுக்குப் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவனாக. அப்படி நினைத்தபோது கொஞ்சம் நோகத்தான் செய்தது. அதைக் கொஞ்சம் உருட்டிப் பார்த்தேன். பெட்டி தூக்கிக்கொண்டு பின்னால் போவதில் அப்படி என்ன இருக்கிறது என்றும் பட்டது. அவள் தன்னுடைய விருப்பத்தைச் சொல்லிப் பழக எத்தனை பின்னேரங்கள் எடுத்தன என்று பக்கத்தில் இருந்து கேட்டவன் நான் ஒருவன்தானே.

"வாறன்," என்றேன். "ஆனா நீர் முதல் போம். எனக்கு இஞ்ச எல்லாத்தையும் ஆறுதலாப் பாத்து முடிக்கவேணும். அவதிப்பட்டு வெளிக்கிட ஏலாது."

"சரி."

"எனக்குப் பயமாவும் இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள்.

ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து கரையோர பஸ்ஸில் குச்சவெளிக்குப் போனோம், அவளுடைய அக்காவிடம் சொல்ல. அக்கா அந்த ஊருக்குத் திரும்பி வந்து, உடைந்த வீட்டைக் கட்டி, கடலோரக் களப்பில் இறால் பிடித்து விற்று வாழ்கிறவர். முற்றத்தில் கதிரை போட்டு எங்களை இருத்தினார். நியூசிலாந்தில் அந்தப் பெண் கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாவற்றையும் அக்கா கேட்டார்.

"அங்க ஆர் இருக்கினம் உனக்கு?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"வருத்தம் வந்தா ஆர் பாக்கிறது? இவர் ஏன் உடன வரேல்ல? எவ்வளவு காலத்துக்கு?"

அவள் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னாள். பதறவில்லை. எல்லாம் நாங்கள் கதைத்துப் பார்த்தவைதான். ஆனால் அக்கா சேர் இல்லை. அவருடைய கண் கலங்கிவிட்டது.

"ஓடின ஓட்டம் காணாதே உனக்கு? இனி எங்கயும் ஓடுறேல்ல எண்டுதானே வந்து இருக்கிறம்."

"ஓடேல்ல அக்கா. நடந்துதான் போறன்."

அக்கா எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. களப்புப் பக்கமிருந்து உப்புக்காற்று வந்துகொண்டிருந்தது. தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் வலையோடு நின்றார்கள். வெயிலில் அவர்கள் தண்ணீருக்கு மேல் மிதப்பது போலத் தெரிந்தது. அக்கா திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய பொதி கருவாடு. "குளிருக்கு நல்லம்," என்றார். அந்த நாட்டுக்குள் அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. லிங்கநகரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தோம்.

அவள் ஆடி மாதம் போனாள். நான் பெருமழைக்கு முந்தி வீட்டைப் பாலையூற்றில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு, மார்கழியில் போய்ச் சேர்ந்தேன். ஊரில் கொட்டும் மழை, அங்கே கோடை.

விமான நிலையத்திலிருந்து வந்த பஸ் என்னை இறக்கிவிட்ட இடத்தில், தடித்த நீலச் சட்டை போட்ட ஒருத்தி நின்றாள். அவள்தான் என்று அடையாளம் காணக் கொஞ்சம் நேரம் எடுத்தது. தலைமயிரை வெட்டியிருந்தாள்.

"சாப்பிட்டீங்களே?" என்று கேட்டாள்.

"வழியில ஏதோ தந்தவங்கள்."

பெட்டியின் ஒரு பிடியை அவளும் மற்றதை நானுமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். இது கடை, இது பூசைக்குப் போகிற கோயில், இந்த வீட்டுக்காரர் நல்ல மனுசன், இந்தச் சந்தியில் காற்று தள்ளும் கவனம், என்று அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய வீட்டில் ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு கதிரை. பின்கதவைத் திறந்தால் ஒரு துண்டுப் புல்லும், அதற்கப்பால் துறைமுகத்தின் ஒரு மூலையும் தெரிந்தன.

கதிரைகளை வெளியே போட்டு இருந்தோம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது. வெளிச்சம் அப்படியே இருந்தது. மணிக்கூடு பிழையோ என்று அதைக் காதில் வைத்துப் பார்த்தேன்.

"எப்ப இருட்டும்?"

"பத்துக்கும் பிறகு. எனக்கும் இப்பதான் பழகுது," என்றாள்.

நித்திரை கண்ணைச் சுழற்றியது. ஆனாலும் உள்ளே போக மனமில்லாமல், தோள் மூடப் போர்த்திக்கொண்டு, இரண்டு பேரும் அந்த வெளிச்சம் போகட்டும் என்று காத்திருந்தோம்.